முருகேசன் எடுத்த எக்கோ

இதை எழுதப் போகிறேன் என்றதும் என் கணவர், "எழுது. ஆனா அந்த ஜாக்கெட் விஷயத்தை மட்டும் விட்டுரு" என்றார். ஜாக்கெட் விஷயத்தை விட்டால் எழுத வேறொன்றும் இல்லை. காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது, மாத்திரை தின்றேன், பிழைத்தேன் என்று ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். என்னைப் போல ஒருத்தியை நாளைக்கு இந்தச் சோதனைக்கு அனுப்பினால் அவளுக்காவது முன்கூட்டித் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். ஆண்பிள்ளைகள் பள்ளி. பிரம்பை எடுக்காமலே வகுப்பை அடக்குகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. வீடு பழங்காநத்தத்தில். கணவர் தேவசகாயம் தாலுகா ஆபீசில் கிளார்க். குழந்தைகள் இல்லை. அந்த வருஷம் மார்கழியில் ஊரெல்லாம் ஒரு விஷக்காய்ச்சல் சுற்றியது. எனக்கும் வந்தது, போனது. போகும்போது மூச்சையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது.

முதலில் மாடிப்படியில் வாங்கியது. பிறகு ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் வாங்கியது. பிறகு ஆலயத்தில் ஞானப்பாட்டின் இரண்டாம் சரணத்திலேயே வாங்கியது. "ராகம் இழுக்கிறத நிறுத்து, மூச்சு தானா வரும்" என்று கணவர் கேலி செய்தார். பொங்கலுக்குள் அந்தக் கேலி நின்றுவிட்டது. படுத்தால் மூச்சு அடைத்தது. இரண்டு தலையணை வைத்து, பாதி உட்கார்ந்துகொண்டே தூங்கினேன்.

தெரு டாக்டர் என்னை நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இதய நோய்க்கு இருந்தவரைப் பெரிய டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதயம் கொஞ்சம் பெருசாத் தெரியுதும்மா. படம் எடுக்கும்போது நீங்க மூச்ச முழுசா இழுக்கலைன்னாலும் இப்படித் தெரியும். நெசமாவே பெருசாகியிருந்தாலும் இப்படித்தான் தெரியும். எதுன்னு எக்கோ எடுத்தாத்தான் சொல்ல முடியும். புது மெஷின் வந்துருக்கு."

"நெசமாவே பெருசாகியிருந்தா டாக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"காய்ச்சக் கிருமி இதயத் தசையக் கெடுத்திருக்குன்னு அர்த்தம். மாசக் கணக்கா படுக்கையை விட்டு எறங்கக் கூடாது. எறங்கி வேல பாத்தா உசுருக்கே வெனை. கெடலைன்னா நாளைக்கே ஸ்கூலுக்குப் போகலாம்."

ஆக என் உயிர் அந்த மெஷினின் பதிலில் இருந்தது. இதில் புரியாதது எதுவும் இல்லை. புரிந்துதான் போனேன்.

சோதனை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இதயத்தில் நான்கு அறைகள். இடப்பக்கக் கீழறைதான் உடம்பு முழுவதுக்கும் இரத்தத்தைத் தள்ளுவது. அது விரியும்போது எவ்வளவு அகலம், சுருங்கும்போது எவ்வளவு அகலம் என்று அளந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் இரத்தத்தில் எந்த அளவை வெளியே தள்ளுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நல்ல அறை பாதிக்கு மேல் தள்ளிவிடும். கெட்டுப்போன அறை ஊதிக்கொண்டு சும்மா இருக்கும். இதை நெஞ்சைக் கிழிக்காமல் அளக்கத்தான் எக்கோ. காதுக்குக் கேட்காத ஒலியைச் சிறு கருவி ஒன்றால் உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் கோடுகளாகப் பார்க்கிறார்கள். வௌவால் இருட்டில் சுவரைக் கண்டுகொள்கிற அதே வித்தை.

இவ்வளவும் புத்தகத்தில் படித்து எனக்குத் தெரியும். புத்தகம் சொல்லாதது இது: கருவிக்கும் தோலுக்கும் நடுவில் துணி இருக்கக் கூடாது. ஜாக்கெட்டையும் உள்ளே போட்டதையும் கழற்றிவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். களிம்பைத் தடவி இடது மார்பை ஒட்டி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து அழுத்துவார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, உள்ளே போய் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்துகொண்டு முந்தானையை இழுத்துவிட்டபடியே வந்தார்கள். பாவம், பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே மெஷினுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு நின்றது முருகேசன்.

மேலூருக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அறிவியலில் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டுவான், ஆனால் கேள்வி கேட்டால் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். டாக்டருக்குப் படிக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். இதய வைத்தியத்துக்கு மேல்படிப்பு முடித்து இங்கே வந்துவிட்டது தெரியாது.

"டீச்சர்!" என்றான். காலில் விழாத குறைதான். என் கணவர் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரில்ல இருக்கு! நம்ம புள்ளையே இருக்கும்போது என்ன பயம்? பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வெளியே போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது. கூட இருக்க வேண்டிய நர்ஸ் அன்று பிரசவ வார்டுக்குப் போயிருந்தாள். முருகேசன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "டீச்சர், அது வந்து..." என்றான். மறுபடி, "அதாவது டீச்சர், மேல..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாத்தையுமா?" என்றேன்.

"வேணாம் டீச்சர், வேணாம்! கீழ் ஹூக் ஒண்ணு மட்டும் போதும். சேலை அப்படியே இருக்கட்டும்."

மல்லாந்து படுத்துச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜாக்கெட்டுக்குக் கீழே வயிற்றுக்கு மேலாக எங்கோ ஓர் இடத்தில் களிம்பு ஜில்லென்று பட்டது. கருவி நடுங்கியது. அவன் கண்ணால் பார்த்து வைக்கவில்லை, தடவித்தான் வைத்தான் என்று தெரிந்தது. நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவனைப் போல அவசர அவசரமாக முடித்தான்.

"நல்லாருக்கு டீச்சர். அறை நல்லாச் சுருங்குது."

நான் எத்தனையோ வருஷம் ஆய்வுக்கூடத்தில் பையன்களோடு நின்றவள். சோதனை செய்யாமலே, வர வேண்டிய விடையை எழுதிக் காட்டுகிற பையனின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலை வைத்தே பிடித்துவிடுவேன். அன்றும் பிடித்துவிட்டேன். பிடித்தும், "சந்தோஷம்ப்பா" என்று சொல்லி ஹூக்கை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தேன். அவனுக்கு வேர்த்தது ஆறியது, எனக்கு மானம் தப்பியது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்றால் இதுதான். உயிரும் வேண்டும், முந்தானையும் விலகக் கூடாது.

பெரிய டாக்டர் தாளைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சைச் சரியாக இழுக்கவில்லை என்று முடிவு செய்தார். மூச்சு வாங்குவது இரத்தச் சோகையால் என்று டானிக் எழுதிக் கொடுத்து, பள்ளிக்கூடம் போகலாம் என்றார். போனேன்.

பள்ளியில் ஆய்வுக்கூடம் மாடியில். மாசி மாதம் ஒரு நாள் படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. நுரையாக இருமல் வந்தது. சக ஆசிரியர்கள் ஆய்வுக்கூடத்து நாற்காலி ஒன்றில் என்னை உட்கார வைத்து, நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். வராந்தா நிறையப் பையன்கள். அத்தனை பேர் முன்னால் சப்பரம் மாதிரி போனேன். செத்தாலும் பரவாயில்லை, இந்த ஊர்வலம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

இந்த முறை வார்டில் சேர்த்தார்கள். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. இடுப்புக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தார்கள். பெரிய டாக்டர் என் எக்கோ தாளைப் புரட்டிக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார். நுரையீரலில் நீர் இருக்கிறது. ஆனால் இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று தாள் சொல்கிறது. அப்படியானால் நீர் எங்கிருந்து வருகிறது? சிறுநீரகமா என்று மூத்திரம் பிடித்தார்கள். காச நோயா என்று சளி பிடித்தார்கள். சோர்வாக இருக்கிறேன் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்ற ஏற்ற மூச்சு இன்னும் முட்டியது. தள்ளத் தெரியாத இதயத்துக்கு மேலும் மேலும் நீரை ஊற்றினால் முட்டாமல் என்ன செய்யும்? இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போதும் அரைகுறையாகத் தெரிந்துதான் இருந்தது.

காசம் என்ற சொல் வெளியே கசிந்ததும் பார்க்க வந்தவர்கள் கைக்குட்டையோடு வந்தார்கள். என் கணவரின் அக்கா ரூபி மதினி மட்டும் ஒத்தக்கடையிலிருந்து பெட்டியோடு வந்து கட்டிலுக்குக் கீழேயே பாயைப் போட்டுவிட்டாள். மலச்சட்டி வைப்பது, கால் பிடித்துவிடுவது எல்லாம் அவள்தான். அவள் இல்லாத நேரத்தில் ஒரு தடவை கணவரே மலச்சட்டி எடுக்கும்படி ஆனது. நான் அழுதேன். "ஆபீஸ்ல இதவிட நாத்தமான ஃபைலெல்லாம் எடுத்துருக்கேன், பேசாம இரு" என்றார். என் தலையை வாரிவிட்டார்; வகிடு காதுக்குப் பக்கத்தில் போனது. ஆஸ்பத்திரி பில்லை மட்டும் எனக்குக் காட்டவே மாட்டார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

முருகேசன் தினமும் வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "எப்படி இருக்கீங்க டீச்சர்" என்று என் போர்வையைக் கேட்பான். "இருக்கேன்ப்பா" என்று நான் ஜன்னலுக்குப் பதில் சொல்வேன். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கணவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஃபிளாஸ்க்கிலிருந்து அவனுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, "ஒன்ன மாதிரி ஒரு புள்ள இருக்கப் போயித்தான் எங்களுக்குத் தைரியம்" என்பார். அவன் அதைச் சூட்டோடு ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடுவான்.

ஒருநாள் காலையில் டாக்டர்கள், மறுநாள் முதுகில் ஊசி குத்தி நுரையீரலைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்க்கலாம், காச மருந்தையும் ஆரம்பித்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். அன்று மத்தியானம் கால் பிடித்துக்கொண்டிருந்த மதினியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். பிடித்த கையை அவள் எடுக்கவில்லை, ஆனால் பிடி இறுகியது.

"வக்கீல்கிட்டயும் டாக்டர்கிட்டயும் மறைக்கக் கூடாதும்பாங்க. நீயும் டாக்டரும் சேந்துல்ல மறச்சுருக்கீங்க!"

"சொன்னா அந்தப் பையன் பொழப்பு போயிரும் மதினி."

"சொல்லாட்டி ஒன் உசுரு போயிரும். ஏண்டி, பீச்சட்டிய நான் எடுக்கேன், நூறு பேரு பாக்க நாக்காலில தூக்கிட்டு வந்தாக. முழுக்க நனஞ்ச பொறவு முக்காடு எதுக்கு?"

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். பின்னால் இளம் டாக்டர்கள், கடைசியில் முருகேசன். "எக்கோ நார்மல்" என்று அவர் மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். நாற்பது பையன்களை அதட்டுகிற தொண்டையில் காற்றுதான் வந்தது.

"சார், அந்த டெஸ்ட்ட நான் சரியா எடுக்க விடல. ஜாக்கெட்டக் கழட்ட மாட்டேன்னுட்டேன்."

வார்டு முழுக்கக் கேட்டது போலிருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். என் கணவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்ல சார்" என்றான் முருகேசன் பின்னாலிருந்து. "டீச்சர் மாட்டேன்னு சொல்லல. நான்தான் வேணாம்னேன். அறை தெளிவாத் தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்."

பெரிய டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலை இறக்கிக்கொண்டார்; அது இன்னும் பயங்கரமாக இருந்தது. "கூச்சமா இருந்தா நர்ஸக் கூப்பிடு, ஸ்க்ரீனப் போடு, என்னையக் கூப்பிடு. 'தெரியல'ன்னு எழுது. அதுல ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்ட. தெரியாதத நார்மல்னு எழுதினா அதுக்குப் பேரு மரியாதையா?" என்றார். பிறகு என்னிடம், "நானே எடுத்துர்றேம்மா" என்றார்.

என்னிடம் படிக்காத ஒருவர் எடுப்பது எவ்வளவோ மேல். முருகேசனும் அதையே வேண்டிக்கொண்டு நின்றான் என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் என் வாய் இருக்கிறதே, வாத்தியார் வாய். "முருகேசனே எடுக்கட்டும் சார். தப்பாப் போட்ட கணக்க அவனேதான் திருப்பிப் போடணும்" என்று சொல்லிவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த முறை நர்ஸ் இருந்தாள். மறைப்பு இருந்தது. நர்ஸ் ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு துண்டைப் போர்த்தி, இடது பக்கம் ஒருக்களிக்க வைத்தாள். துண்டை விலக்கியபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். முதல் முறைகூட இவ்வளவு வெட்கப்படவில்லை. அப்போது நான் அவனுக்கு டீச்சர்; இப்போது அவனைச் சபையில் தலைகுனிய வைத்தவள். "மூச்ச வெளிய விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க டீச்சர்" என்றான். கருவி நகர்ந்து நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவன் கை நடுக்கம் நின்றுவிட்டதைக் கவனித்தேன். அவன் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

நெடுநேரம் பார்த்தான். அளந்தான், மறுபடியும் அளந்தான்.

"என்னப்பா?" என்றேன் கண்ணைத் திறக்காமலே.

"நல்லா இல்ல டீச்சர். அறை ரொம்ப விரிஞ்சு கெடக்கு. சுவரு கொஞ்சந்தான் அசையுது." பிறகு மிக மெதுவாக, "அன்னைக்கே பாத்துருக்கணும்" என்றான். அழுதான் என்று நினைக்கிறேன். நர்ஸ் என் முதுகில் துண்டைப் போர்த்திவிட்டாள்.

அதற்குப் பிறகு குளுக்கோஸ் நின்றது. ஊசியும் இல்லை, காச மருந்தும் இல்லை. நீரை வெளியேற்ற ஒரு மருந்து, இதயத் தசைக்குத் தெம்பூட்ட ஒரு மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, அளந்து தண்ணீர். உடம்பிலிருந்த நீரெல்லாம் இறங்கியதும் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. "இவளுக்கு இம்புட்டு அழகான காலான்னு இப்பத்தான் தெரியுது" என்று கணவர் மதினியிடம் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில் படுக்கை. எனக்கு உப்பில்லை என்பதால் அவரும் உப்பில்லாமலே சாப்பிட்டார். ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தவரின் சட்டையில் ஊறுகாய்க் கறை இருந்தது. பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

கெட்ட தசை சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். எந்தப் பக்கம் நான் என்று அறிய ஐப்பசியில் மூன்றாவது முறை எக்கோவுக்குப் போனேன். அதே அறை, முருகேசன், நர்ஸ். யாரும் சொல்லாமலே கழற்றினேன், ஒருக்களித்தேன், சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து, "நல்லாருக்கு டீச்சர். அறை நல்லாச் சுருங்குது" என்றான்.

அதே சொற்கள். மூச்சு லேசாகிவிட்டது எனக்கே தெரிந்திருந்தும், நெஞ்சு நம்ப மறுத்தது. நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. என் சந்தேகம் அவன் மேல் விழுந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நம்பினேன் என்று பொய் சொல்லவும் முடியவில்லை.

அவன் கோபப்படவில்லை. கருவியை ஒரு கையால் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு, மறு கையால் மெஷினை என் பக்கம் இழுத்தான். இரும்புச் சக்கரம் தரையில் கிரீச்சிட்டது.

"நீங்களே பாருங்க டீச்சர்."

முகத்தைத் திருப்பினேன். சாம்பல் நிறத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடின. "மேல இருக்கது ஒரு சுவரு, கீழ இருக்கது எதிர்ச் சுவரு. நடுவுல அறை" என்று விரலால் காட்டினான். கோடுகள் விலகின. நெருங்கின. தயக்கமில்லாமல் மறுபடி நெருங்கின.

"இது நானா?" என்றேன்.

"நீங்கதான் டீச்சர்."

"மூச்ச நிறுத்துறேன், இன்னொரு தடவை காட்டு" என்று கையை ஊன்றி இன்னும் கொஞ்சம் எழும்பிப் பார்த்தேன். பிறகு இன்னொரு தடவை. அவன் பொறுமையாகக் காட்டிக்கொண்டே இருந்தான். துண்டு நழுவிக் கட்டிலுக்குக் கீழே விழுந்து கிடந்ததை நர்ஸ் எடுத்துத் தந்தபோதுதான் கவனித்தேன். அள்ளிப் போர்த்திக்கொண்டேன். வெட்கம் அப்போதும் வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது.

வெளியே பெஞ்சிலிருந்து எழுந்த கணவர், "என்ன சொன்னான்?" என்றார்.

"அவன் சொன்னது இருக்கட்டும்" என்றேன். "நான் பாத்தேங்க."